தாளில் எழுதாமல் விட்ட கால்கள்

சென்ற மாதம் எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து மூன்று இளம் பொறியாளர்கள் வந்து என்னைத் தங்கள் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்கள். புதிதாக வாங்கிய நாற்காலி ஒன்றில் உட்கார வைத்தார்கள். அதில் ஐந்து விசைகள் இருந்தன. ஐந்தையும் திருகிப் பார்த்தோம். என் கால் தரையில் படவில்லை. என் உயரம் ஐந்தடி ஒன்றே முக்கால் அங்குலம். அப்படி ஓர் ஆள் இருப்பான் என்று அந்த நாற்காலியைச் செய்தவர் நினைக்கவில்லை போலிருக்கிறது.

"ஆளுக்குத் தகுந்த மாதிரி வேலை செய்யிற இடத்தை அமைக்கிறது சார் இது. எர்கனாமிக்ஸ்னு பேரு. உங்க காலத்துல இதெல்லாம் இருந்துதா?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

பெயர் இல்லை என்றேன். பெயர் இல்லாமல் நடந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். முழங்கால் வலியால் ஒரு தடவைக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. ஆகவே எங்கேயாவது தொடர்ச்சி விட்டுப்போனால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ராயபுரத்தில் பள்ளி இறுதி வகுப்பு தேறி, யுத்தம் முடிந்த மறு வருஷம் ஒரு டின் தொழிற்சாலையில் கணக்குப் பிள்ளையாகச் சேர்ந்தேன். தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே, கடலைப் பார்த்த நீளக் கொட்டகை. மண்ணெண்ணெய் அடைக்கிற நாலு காலன் சதுர டின்களை அங்கே செய்தோம். இரண்டு வருஷம் தள்ளுவண்டியில் போகிற டின்களை எண்ணினேன். பதினான்கு மாதம் ஆட்கள் வருகிற நேரமும் போகிற நேரமும் எழுதினேன். அதன்பிறகு குருசாமி சார் என்னைத் தன்னிடம் எடுத்துக்கொண்டார். நான் கற்றது என்று சொன்னால் அவ்வளவுதான்.

குருசாமி சார் உதவிப் பொறியாளர். புளியந்தோப்பில் பிறந்து, உதவித்தொகையில் படித்து, சீமைக்குப் போய் ஒரு வருஷம் வேலையை நேரம் வைத்து அளக்கும் முறையைக் கற்று வந்தவர். ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைவு. எதையாவது பார்க்கப் போனால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி இடது உள்ளங்கையில் வைத்துக்கொள்வார். மூன்று தடவை எண்ணாத எண்ணிக்கையை வாயால் சொல்ல மாட்டார். தொழிலாளிகள் எல்லாரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் அது எவ்வளவு அபூர்வம் என்று இன்றைக்கு இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சிலருக்கு அதுவே சங்கடமாக இருந்தது. சார் தன்னைக் கேலி செய்கிறார் என்று தகடு வெட்டும் பிரஸ்காரர் ஒருவர் என்னிடம் வந்து முறையிட்டிருக்கிறார்.

அவரிடம் நான் சேர்ந்த முதல் வாரத்தில் செங்கல் விவகாரம் வந்தது. தகடு வெட்டும் பிரஸ்கள் ஏழு. எல்லாம் சீமையிலிருந்து வந்தவை. அவற்றின் கைப்பிடி நம் ஆட்களுக்குத் தோளுக்கு மேலே இருக்கும். ஆகவே ஒவ்வொருவரும் ஒரு செங்கல்லோ இரண்டோ கொண்டுவந்து போட்டு, அதன் மேல் நின்று இழுப்பார்கள். செங்கல்லில் சுண்ணாம்பால் அடையாளம் இருக்கும். அடுத்தவன் கல்லில் ஏறினால் சண்டை. மானேஜரான பெரிய துரை ஒருநாள் சுற்றிப் பார்த்துவிட்டு, தொழிற்சாலை என்ன இடிந்த வீடா என்று கேட்டு, கற்களை வெளியே வீசச் சொன்னார். வீசினார்கள். அன்று மாலைக்குள் கோணலாக வெட்டுப்பட்ட தகடு ஒரு வண்டி சேர்ந்தது.

குருசாமி சார் கோபப்படவில்லை. "ராமலிங்கம், வெளிய போய் அந்தக் கல்லையெல்லாம் அளந்துட்டு வாங்க. எந்தக் கல்லு யாருதுன்னும் கேட்டு எழுதுங்க" என்றார். பதினொரு கற்களையும் அளந்தேன். அந்த அளவுகளின்படி ஏழு மரப் பலகைகள் செய்து, ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் முன்னால் ஆணியடித்துப் பொருத்தினோம். ஆட்கள் தங்களுக்காகத் தாங்களே செய்துகொண்டிருப்பதை முதலில் அளக்க வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டு என்ன பிரயோஜனம்? அடுத்த வருஷமே மறந்தேன்.

இனி எழுதப்போவது அந்தத் தவற்றைப் பற்றி.

டின்னுக்கு மேல் மூடியைப் பொருத்தியபின் அதன் நான்கு ஓரங்களையும் ஈயத்தால் பற்றவைக்க வேண்டும். அந்த வேலைக்குப் பன்னிரண்டு பேர். கடல் பக்கத்துச் சுவர் ஓரமாகச் சாக்கை விரித்து, தரையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேருக்கு நடுவே ஒரு கரி அடுப்பு, அதில் சூட்டுக்கோல்கள். வலது கையில் சூட்டுக்கோல், இடது கையில் ஈயக் குச்சி. கால்களை நீட்டி முழங்காலை மடக்கி, இரண்டு உள்ளங்கால்களுக்கும் நடுவே டின்னைப் பிடித்திருப்பார்கள். ஓர் ஓரம் முடிந்ததும் கால்கள் டின்னைக் கால்வட்டம் திருப்பும். அடுத்த ஓரம். கண் கோலின் நுனியை விட்டு நகராது. காலுக்குத் தானாகத் தெரியும்.

வரிசையில் முதல் ஆள் எத்திராஜ். அவர் கணக்கில் வயது ஐம்பத்திரண்டு. பதினேழு வருஷம் அதே இடத்தில் உட்கார்ந்தவர். அவர்தான் காலையில் முதல் டின்னை எடுத்ததும் அதைக் கையால் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வார். மற்ற பதினொருவரும் அப்படியே செய்வார்கள். அன்று முழுவதும் சரக்கைக் காலால் தொடப்போகிறோம், அதற்கு முன்கூட்டியே ஒரு மன்னிப்பு.

குருசாமி சாருக்கு அந்த வரிசையைப் பார்க்கவே பிடிக்காது. ஒரு நாள் தன் அறையில் கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டே காரணத்தைச் சொன்னார். "எங்க அப்பா முப்பது வருஷம் தரையில உக்காந்து தோல் சீவினாரு, ராமலிங்கம். வர்றவன் போறவன் காலெல்லாம் அவரு மூஞ்சிக்கு நேரா இருக்கும். பேசணும்னா அண்ணாந்துதான் பேசணும். என் கொட்டகையில யாரும் அப்படி உக்காரக் கூடாது."

மேஜையும் முக்காலியும் செய்யத் தீர்மானமாயிற்று. அதற்கு முன்னால் வேலையை அளந்து எழுதுவது என் பொறுப்பு. சீமையிலிருந்து வந்த அச்சடித்த தாளில் இரண்டே பத்திகள்: வலது கை, இடது கை. நான் ஒன்பது நாள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, கையில் நிறுத்துக் கடிகாரத்துடன் எத்திராஜின் அசைவுகளை எழுதினேன். காலைப் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். மூன்றாவது பத்தி கோடு போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது எத்திராஜே தலையைத் தூக்கினார்.

"காலை எய்தாத ரைட்டரே" என்றார். குமாஸ்தாக்களை அவர்கள் ரைட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். "சரக்கைக் காலால தொட்றானுங்கன்னு தொரை நெனச்சிக்கப் போறாரு. மருவாதி இல்ல."

எனக்கும் அது சரி என்றே பட்டது. கம்பெனிச் சரக்கு காலில் புரளுகிறது என்று ஒரு காகிதத்தில் எழுதி, அதைப் பெரிய துரை மேஜை வரைக்கும் அனுப்புவதா? என் அப்பா புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கும்பிட வைத்தவர். நான் மூன்றாவது பத்தி போடவில்லை. டின்னைப் பற்றிய இடத்தில் 'தானே நிற்கிறது' என்று எழுதினேன். இரண்டே சொல். என் கையெழுத்தும் போட்டேன்.

அந்தத் தாளை வைத்துத்தான் மேஜை வரைந்தார்கள். இரண்டரை அடி உயரம், நாலடிக்கு மூன்றடி பலகை, முழங்கை அளவுக்குச் சரியான முக்காலி. தச்சர்கள் நன்றாகவே செய்திருந்தார்கள். பன்னிரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தபோது குருசாமி சார் முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது. கடிகாரத்தை வழக்கத்தைவிடச் சீக்கிரம் கையில் கட்டிக்கொண்டு போனார்.

முதல் நாளே எண்ணிக்கை விழுந்தது. தரையில் எத்திராஜ் மணிக்கு நாற்பது டின் முடிப்பார். மேஜையில் இருபத்தாறு. புது இடம், பழக வேண்டும் என்று விட்டோம். இரண்டு வாரத்தில் இளவட்டங்கள் ஒன்பது பேர் முப்பத்திரண்டுக்கு மேல் ஏறினார்கள். எத்திராஜும் இன்னும் இரண்டு வயதானவர்களும் இருபத்தெட்டிலேயே நின்றார்கள். முப்பத்திரண்டுக்குக் கீழே இருப்பவர்களை மாதக் கடைசியில் நிறுத்திவிடும்படி பெரிய துரையிடமிருந்து உத்தரவு வந்தது. மூன்று பெயர்களை எழுதி குருசாமி சார் மேஜையில் வைத்தவன் நான்தான். இன்னும் பதினொரு நாள் இருந்தது.

எத்திராஜ் சண்டை போடவில்லை. தண்டையார்பேட்டையில் வேறு இரண்டு டின் கொட்டகைகளுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். இரண்டு இடத்திலும் வாட்ச்மேனே நரைத்த தலைமுடியைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டான். இதை அவர் சொல்லவில்லை, பக்கத்தில் உட்காருகிற முனுசாமி சொன்னான்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைகழுவும் குழாய் அருகே அவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். எத்திராஜின் சட்டையில் தொப்புளுக்கு நேரே பழுப்பாகத் தீய்ந்த கறை இருந்தது. முனுசாமி சட்டையிலும் இருந்தது. எண்ணினேன். பன்னிரண்டு பேரில் பதினொருவர் சட்டையில், ஏறக்குறைய ஒரே உயரத்தில். பன்னிரண்டாவது ஆள் சட்டையே போடவில்லை. அவன் வயிற்றில் கொப்புளம்.

"இது எப்பிடி?" என்று கேட்டேன்.

"பின்ன இன்னா, டின்னை யாரு பிடிக்கிறது?" என்றான் முனுசாமி. "மேஜை வயவயன்னு கீது. கோலை வெச்சு அமுக்கினா ஓடுது. வவுத்தால முட்டுக் குடுத்துகினு பத்த வெக்கிறோம். இவருக்கு வவுறே இல்ல, இன்னா பண்ணுவாரு?"

எல்லாரும் சிரித்தார்கள். எத்திராஜும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'தானே நிற்கிறது' என்று எழுதிய கை என்னுடையது.

அன்று மதியம் மறுபடி பெட்டியின் மேல் உட்கார்ந்து எண்ணினேன். மேஜையில் ஒவ்வோர் ஓரத்துக்கும் இடது கை ஈயக் குச்சியைக் கீழே வைக்கிறது, டின்னைத் திருப்புகிறது, குச்சியை மறுபடி எடுக்கிறது. தரையில் இந்த மூன்றும் கிடையாது. டின்னுக்கு நான்கு ஓரம். பன்னிரண்டு வீண் அசைவு. நாற்பது டின்னுக்கு நானூற்று எண்பது. இவ்வளவையும் அந்த இரண்டு கால்கள் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தன.

குருசாமி சார் அறைக்குப் போய் என் பழைய தாளை மேஜையில் வைத்து, இது பொய் என்றேன். கால் செய்த வேலையை நான் எழுதவில்லை, எழுதாததற்குக் காரணம் இது, இதனால் மூன்று பேர் போகிறார்கள், என்னையும் சேர்த்து நான்காக எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அவர் தாளை மூன்று தடவை படித்தார். "காலை எழுதறது மரியாதை இல்லைன்னு அவரு சொன்னாரு. நீங்களும் சரின்னு விட்டுட்டீங்க" என்றார்.

"ஆமா சார்."

"நானும் இத்தனை மாசமா அந்த வரிசை பக்கத்துல நடந்திருக்கேன். குனிஞ்சு பாக்கல." தாளை மடித்து வைத்தார். "மறுபடி தரையில உக்கார வெக்க மாட்டேன், ராமலிங்கம். அது மட்டும் என்னால முடியாது. வேற வழி சொல்லுங்க."

இரண்டு நாள் தூக்கமில்லாமல் அலைந்தேன். வழியைச் சொன்னது தச்சர்தான், அதுவும் அலுப்பில். இன்னும் எத்தனை தடவை இந்த மேஜைகளை மாற்றச் சொல்வீர்கள், பேசாமல் அவர்களை மேஜை மேலேயே ஏறி உட்காரச் சொல்லுங்கள் என்று எரிந்து விழுந்தார். நான் அங்கேயே நாடாவை விரித்து அளந்தேன். எத்திராஜ் உட்கார்ந்தால், உட்காரும் இடத்திலிருந்து கண் வரைக்கும் இருபத்தெட்டு அங்குலம். மேஜை முப்பது. கூட்டினால் ஐம்பத்தெட்டு. நடந்து வருகிற ஒரு நடுத்தர உயரமுள்ள ஆளின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும். தரையைத்தான் முப்பது அங்குலம் தூக்கியிருக்கிறோம். அண்ணாந்து பேச வேண்டியதில்லை.

குருசாமி சார் அந்தக் கூட்டலைத் தானும் ஒரு தடவை போட்டுப் பார்த்தார். பிறகு மாதக் கடைசிக்கு நான்கு நாள் முன்னால், எத்திராஜுக்கு மட்டும் ஒரு மேஜையைச் சோதனைக்கு ஒதுக்கினார். முக்காலி ஏறுபடியாயிற்று. மேஜைமேல் சாக்கு. கரி அடுப்பை வலது பக்கம் அதே உயரத்தில் இரும்பு முக்காலியில் வைத்தோம். பாதத்தில் ஈயம் சொட்டுவது எப்போதும் உள்ள தொல்லை. அதற்காகத் தோலில் இரண்டு உறைகள், விரல்களை வெளியே விட்டு.

முதல் நாள் மணிக்கு முப்பது டின்தான். பிறகு பார்த்தால், பதினொரு மணிக்கு மேல் கடற்காற்று ஆரம்பித்ததும் கோல் சீக்கிரம் ஆறுகிறது. தரையில் இருந்தபோது சுவர் மறைத்தது; மேலே ஏறியதும் நேரே ஜன்னல். டின் தொழிற்சாலையில் தகட்டுக்கா பஞ்சம்? ஜன்னலின் கீழ்ப்பாதியைத் தகட்டால் அடைத்தேன். அடுத்த நாள் எத்திராஜ் மணிக்கு முப்பத்தேழு செய்தார். நான் மூன்று தடவை எண்ணினேன்.

குருசாமி சார் என் எண்ணிக்கையை ஏற்கவில்லை. அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒரு மணி நேரம் தானே நின்று பார்த்துவிட்டுத்தான் பெரிய துரையிடம் பேசுவேன் என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தார். கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மேஜைக்கு எதிரே நின்றார். கால் டின்னைத் திருப்புவதைப் பார்க்க வேறு இடம் கிடையாது; எதிரே நின்றால்தான் தெரியும். எத்திராஜின் உள்ளங்கால்கள் அவருடைய சட்டையின் மூன்றாவது பொத்தானுக்கு நேராக, ஒன்றரை அடி தூரத்தில் இருந்தன.

எத்திராஜ் காலை இழுத்துக்கொண்டார். டின் சரிந்தது. கையால் எடுத்து வைத்தார், மறுபடி கால்களைச் சேர்த்தார், தலை நிமிர்ந்து சாரைப் பார்த்ததும் மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார். சம்மணம் போட்டு, டின்னை மடியில் வைத்துப் பற்றவைக்கப் பார்த்தார். வேட்டியில் ஈயம் சொட்டியது. ஐந்து நிமிஷத்தில் ஒரு டின்கூட முடியவில்லை. வரிசையில் இருந்த மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

நான் அருகே போய் மெதுவாக, "நேத்து மாதிரியே செய்யுங்க, எத்திராஜ். ஒரு மணி நேரம்தான்" என்றேன்.

"எப்பிடி ரைட்டரே?" என்றார், உதடு அசையாமல். "அவரு மூஞ்சிக்கு நேரா காலை நீட்டிகினு குந்தறதா? வேலை போனா போவட்டும். இதெல்லாம் என்னால ஆவாது."

குருசாமி சாருக்கு அது கேட்டுவிட்டது. நான் அவரைப் பக்கவாட்டில் வந்து நிற்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் நகரவில்லை. கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டார். கொஞ்சம் குனிந்து, எத்திராஜ் கண்ணுக்கு நேரே தன் கண்ணை வைத்தார். அதற்கு அவர் ஒன்பது அங்குலம்கூடக் குனிய வேண்டியிருக்கவில்லை.

"காலை நீட்டுங்க, பெரியவரே" என்றார். "உங்க காலைப் பாக்கத்தான் வந்திருக்கேன்."

எத்திராஜ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு காலை நீட்டினார். அப்புறம் இன்னொன்றை. டின்னை நடுவே வைத்தார். கோலை அடுப்பிலிருந்து எடுத்து வைத்தபோது முதல் ஓரத்தில் ஈயம் சற்று விலகி ஓடியது; அடுத்த ஓரத்தில் நேரானது. கால்கள் டின்னைத் திருப்பின. குருசாமி சார் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தக் கால்களை விட்டுக் கண்ணை எடுக்காமல், அசையாமல் நின்றார். பத்து டின்னுக்கு அப்புறம் எத்திராஜ் அவர் நிற்பதையே மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். கோலின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் நிறுத்துக் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் முடிந்தபோது என் தாளில் நான்கு பத்திகள் நிரம்பியிருந்தன. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் தலைப்பை நானே மையால் எழுதியிருந்தேன்: வலது கால், இடது கால். மொத்தம் முப்பத்தாறு டின். அதில் ஒன்றை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்து, எண்ணெய் ஊற்றும் துளை வழியாகப் பார்த்தேன். ஓரத்தில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தது. முதல் டின்னாக இருக்க வேண்டும். துரை கேட்ட முப்பத்திரண்டுக்கு மூன்று கூடுதலாக, முப்பத்தைந்து என்று எழுதி, குருசாமி சாரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். அவர் மூன்று தடவை எண்ணவில்லை.